இரண்டு ஹாரியர், ஒரு புதிர்

இந்த மாதம் ஒரு புதிரோடு தொடங்குவோம்.

சிங்கப்பூர்ச் சாலைகளில் டொயோட்டா ஹாரியர் என்ற எஸ்யூவியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா பக்கம் போனால், கார் நிறுத்துமிடத்துக்குள் நுழையக் காத்திருக்கும் வரிசையில் ஒன்றாவது கண்ணில் படும். விடுமுறைக்குத் தமிழ்நாட்டில் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போனால் அங்கும் ஒரு ஹாரியர் ஓடுகிறது. அது டாடா ஹாரியர். இரண்டுக்கும் பெயர் ஒன்று. இரண்டும் உயரமானவை, ஐந்து பேர் உட்காரக்கூடியவை.

இவற்றோடு இன்னொரு வண்டியைச் சேர்த்துக்கொள்வோம்: இங்கிலாந்தின் லேண்ட் ரோவர் நிறுவனத்தின் டிஸ்கவரி ஸ்போர்ட். இந்த மூன்றில் எந்த இரண்டு வண்டிகள் சொந்தக்காரர்கள்?

பெயரை வைத்துச் சொன்னால் விடை தப்பிவிடும். அளவை வைத்துப் பார்ப்போம். முன்சக்கரத்தின் மையத்துக்கும் பின்சக்கரத்தின் மையத்துக்கும் இடையே உள்ள தூரத்தை வீல்பேஸ் என்பார்கள். டொயோட்டா ஹாரியரின் வீல்பேஸ் 2,690 மில்லிமீட்டர். டாடா ஹாரியருக்கு 2,741. டிஸ்கவரி ஸ்போர்ட்டுக்கும் அதே 2,741.

ஆம், டாடா ஹாரியரும் டிஸ்கவரி ஸ்போர்ட்டும்தான் சொந்தம். டொயோட்டா ஹாரியரின் சொந்தக்காரர்கள் வேறு: டொயோட்டா ராவ்4, லெக்சஸ் என்எக்ஸ். ஹாரியர் ஓடிய அதே காலத்தில் வந்த ராவ்4, என்எக்ஸ் இரண்டுக்கும் வீல்பேஸ் 2,690 மில்லிமீட்டர்தான். லெக்சஸ் என்பது டொயோட்டாவின் சொகுசு வண்டிப் பிரிவு என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் புனேயில் தயாராகும் ஓர் இந்திய வண்டிக்கும் இங்கிலாந்து வண்டிக்கும் ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாமல் ஒரே அளவு எப்படி வந்தது?

அடியில் என்ன இருக்கிறது?

கதவு, கூரை, இருக்கை, விளக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் காரின் அடியில் சில முக்கியமான பகுதிகள் மிஞ்சும். எஃகுத் தகட்டால் ஆன தளம், முன்புறம் நீளும் வலுவான சட்டங்கள், சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக், எஞ்சின் உட்காரும் இடம் ஆகியவை அவை. இந்தத் தொகுப்புக்குப் பொறியாளர்கள் பிளாட்ஃபார்ம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் அடித்தளம் என்று சொல்வோம்.

நீங்கள் வசிக்கும் வீவக புளோக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாடி வீட்டுக்கும் பத்தாம் மாடி வீட்டுக்கும் வரைபடம் ஒன்றுதான். ஒரு வீட்டில் பளிங்குத் தரை, மற்றொன்றில் மரத்தரை. ஒருவர் சமையலறையை விரிவாக்கியிருப்பார், இன்னொருவர் இரண்டு அறைகளை ஒன்றாக்கியிருப்பார். ஆனால் கட்டடத்தின் எடையைத் தாங்கும் சுவரில் மட்டும் யாரும் கைவைக்க முடியாது. காரின் அடித்தளத்திலும் மாற்றக்கூடிய இடங்கள் உண்டு, தொடக்கூடாத இடங்களும் உண்டு.

தொடக்கூடாத இடங்களில் முக்கியமானது காரின் முன்பகுதி. ஓடும் காருக்கு இயக்க ஆற்றல் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் அந்த ஆற்றல் நான்கு மடங்காகும். கார் எதன்மீதாவது மோதும்போது அந்த ஆற்றல் முழுவதும் எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். முன்புறச் சட்டங்கள் வரிசையாக மடிந்து நசுங்கி அதை வாங்கிக்கொள்கின்றன. உள்ளே இருப்பவர்கள் பிழைப்பது அதனால்தான். எந்தச் சட்டம் முதலில் மடிய வேண்டும், எது மடியவே கூடாது என்பதைக் கணினியில் கணக்கிட்டு, பிறகு உண்மையான கார்களைச் சுவரில் மோதவிட்டுச் சோதிக்கிறார்கள். அந்தப் பகுதியை மாற்றினால் சோதனைகளை மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும்.

இதனால் ஃபோக்ஸ்வாகன் குழுமம் 2012இல் கொண்டுவந்த எம்கியூபி அடித்தளத்தில், முன் அச்சுக்கும் ஓட்டுநரின் கால்மிதிக்கும் இடையே உள்ள தூரத்தை மாறாமல் வைத்தார்கள். அதற்குப் பின்னால் உள்ள தளத்தை நீட்டலாம், குறைக்கலாம், அகலமாக்கலாம். அந்த அடித்தளத்தில் ஃபோக்ஸ்வாகன் டிகுவான், ஸ்கோடா கோடியாக், ஆடி கியூ3 என்று பல எஸ்யூவிகள் பிறந்தன. செக் நாட்டு ஸ்கோடா அந்தக் குழுமத்துக்குள் நுழைந்தது 1991இல். சேராமல் இருந்திருந்தால் கோடியாக்கின் அடியில் வேறு ஏதோ இருந்திருக்கும்.

புதிய அடித்தளம் ஒன்றை உருவாக்கப் பல ஆண்டுகளும் பெரும் பணமும் தேவை. தகடுகளை அழுத்தி வடிவம் கொடுக்கும் ராட்சத அச்சுகளைச் செய்ய வேண்டும், ஆலையை அதற்கேற்ப அமைக்க வேண்டும், மோதல் சோதனைகளை முடிக்க வேண்டும். அந்தச் செலவை ஒரே வண்டியின் தலையில் கட்டினால் அதன் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். ஐந்தாறு வண்டிகள் பங்கிட்டுக்கொண்டால் தாங்கலாம்.

கைமாறிய லேண்ட் ரோவர்

இனி நம் புதிருக்கு வருவோம்.

லேண்ட் ரோவர் வண்டி முதன்முதலில் 1948இல் வெளிவந்தது. அதன்பின் அந்தப் பெயர் பல கைகள் மாறியது. 1988இல் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ், 1994இல் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ, 2000இல் அமெரிக்காவின் ஃபோர்டு. கடைசியாக 2008 ஜூனில் இந்தியாவின் டாடா மோட்டார்ஸ், ஜாகுவார், லேண்ட் ரோவர் இரண்டையும் ஃபோர்டிடமிருந்து 2.3 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது.

ஃபோர்டு வைத்திருந்த எட்டு ஆண்டுகளைக் கவனியுங்கள். அப்போது சுவீடனின் வால்வோவும் ஃபோர்டின் கையில்தான் இருந்தது. மூன்று நிறுவனங்களுக்கும் பொதுவாக ஓர் அடித்தளம் உருவானது. அதற்கு இயுசிடி என்று பெயர். ஃபோர்டு மொண்டியோ, வால்வோ எஸ்80 ஆகிய கார்களுக்கு அதுவே அடித்தளம். லேண்ட் ரோவர் பொறியாளர்கள் அதைக் கரடுமுரடான பாதைக்கு ஏற்றபடி மாற்றி, 2006இல் ஃப்ரீலாண்டர் 2 என்ற எஸ்யூவியைச் செய்தார்கள்.

டாடா லேண்ட் ரோவரை வாங்கியபோது இந்த அடித்தளமும் கூடவே வந்தது. அதை மேலும் மாற்றி 2011இல் ரேஞ்ச் ரோவர் இவோக் வெளியானது. ஃப்ரீலாண்டர் 2, இவோக் இரண்டுக்கும் வீல்பேஸ் 2,660 மில்லிமீட்டர். அடுத்து 2014இல் டிஸ்கவரி ஸ்போர்ட்டை அறிமுகப்படுத்தியபோது, மூன்றாவது வரிசை இருக்கைக்கும் இடம் தேவைப்பட்டது. அதனால் நடுத்தளத்தை நீட்டி 2,741 மில்லிமீட்டர் ஆக்கினார்கள். பொறியாளர்கள் அந்த அடித்தளத்தை டி8 என்று அழைத்தார்கள்.

டாடாவுக்கு இந்தியச் சாலைகளுக்கு ஏற்ற, விலை குறைந்த ஒரு எஸ்யூவி வேண்டியிருந்தது. டி8 கையில் இருந்தது. முன்புறக் கட்டமைப்பும் வீல்பேஸும் அதிலிருந்து வந்தன. விலையைக் குறைக்க, பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே அசையும் சிக்கலான சஸ்பென்ஷனை எடுத்துவிட்டு எளிமையான ஒன்றைப் பொருத்தினார்கள். நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் ஏற்பாடு இல்லாமல் முன்சக்கரங்களுக்கு மட்டும் விசை தந்தார்கள். 2 லிட்டர் டீசல் எஞ்சின் இத்தாலியின் ஃபியட் வடிவமைத்தது. இப்படி உருவான டாடா ஹாரியர் 2019 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது.

கதை அங்கே முடியவில்லை. 2021இல் டாடா சஃபாரி வந்தது. அதில் ஏழு பேர் உட்காரலாம், ஆனால் வீல்பேஸ் அதே 2,741தான். பின்சக்கரத்துக்கு அப்பால் உடலை மட்டும் 63 மில்லிமீட்டர் நீட்டினார்கள். மூன்றாவது வரிசைக்கு இவ்வளவு எளிதாக இடம் கிடைத்ததற்குக் காரணம், டிஸ்கவரி ஸ்போர்ட்டுக்காக அந்தத் தளத்தை முன்பே நீட்டி வைத்திருந்ததுதான். இங்கிலாந்தில் ஒரு குடும்பத்துக்காக எடுத்த முடிவு, சில ஆண்டுகள் கழித்து இந்தியக் குடும்பங்களுக்குப் பயன்பட்டது.

இந்தக் கட்டுரையில் உங்கள் மனத்தில் பதிய வேண்டிய செய்தி இதுதான். ஒரு நிறுவனம் கைமாறுவதற்கு ஒரு கையெழுத்துப் போதும். ஆனால் அதன் அடித்தளம் அதற்குப் பிறகும் பத்து, பதினைந்து ஆண்டுகள் புதுப்புது வண்டிகளில் தொடர்கிறது. 2019இல் வந்த ஹாரியரின் பரம்பரையைத் தேடிப் போனால், லேண்ட் ரோவர் ஃபோர்டிடம் இருந்த காலத்தில் போய் நிற்போம்.

பிரிந்து போன உறவினர்

வால்வோ என்ன ஆனது? 2008இல் வெளியான முதல் வால்வோ எக்ஸ்சி60 எஸ்யூவியும் இதே இயுசிடி வழியில் வந்தது. அதாவது ஃப்ரீலாண்டர் 2க்கு அது நெருங்கிய உறவு. 2010இல் ஃபோர்டு வால்வோவைச் சீனாவின் ஜீலி நிறுவனத்துக்கு விற்றது. ஓர் உறவினர் இந்தியாவுக்கும் இன்னொருவர் சீனாவுக்கும் போனார்கள். ஜீலியும் வால்வோவும் சேர்ந்து பிறகு சிஎம்ஏ என்ற புதிய அடித்தளத்தை உருவாக்கின. 2017இல் வந்த வால்வோ எக்ஸ்சி40 அதன்மீது நிற்கிறது.

ஜீலியின் கை நம் பக்கத்து நாட்டுக்கும் நீண்டது. 2017இல் மலேசியாவின் புரோட்டோன் நிறுவனத்தில் 49.9 விழுக்காட்டுப் பங்கை அது வாங்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் புரோட்டோனின் முதல் எஸ்யூவியான எக்ஸ்70 வந்தது. சீனாவில் ஜீலி போயுவே என்ற பெயரில் விற்ற வண்டிதான் அது. உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் போகும்போது மலேசியப் பதிவெண் கொண்ட எக்ஸ்70 வண்டிகளைக் காணலாம்.

ஆனால் ஒரு சிக்கல். சீனாவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதற்கு நேர்மாறு. ஸ்டியரிங் சக்கரத்தை மட்டும் தூக்கி வலப்பக்கம் வைத்துவிட முடியாது. அதன் தண்டு எஞ்சின் பக்கம் போகும் வழி, கால்மிதிகள், முகப்புப் பலகை, மழை துடைப்பானின் திசை என்று பலவற்றை மாற்றி வடிவமைக்க வேண்டும். எக்ஸ்70 மலேசியாவுக்கு வருமுன் அந்த வேலை முழுதும் நடந்தது. முதலில் சீனாவிலிருந்து இறக்குமதியான அந்த வண்டி, 2020 முதல் மலேசியாவின் தஞ்சோங் மாலிம் ஆலையில் தயாராகிறது.

புக்கிட் தீமாவிலிருந்து ஜூரோங்வரை

சிங்கப்பூருக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. அப்பர் புக்கிட் தீமா சாலையில் உள்ள பழைய ஃபோர்டு ஆலைக்குப் பள்ளியோடு போயிருப்பீர்கள். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்திட்ட இடம் அது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1941 அக்டோபரில், கார் பொருத்தும் ஆலையாக அது திறக்கப்பட்டது. அதை நடத்திய மலாயா ஃபோர்டு நிறுவனம் 1926இல் தொடங்கியது. அமெரிக்க ஃபோர்டின் நேரடிக் கிளை அல்ல அது. பிரிட்டிஷ் பேரரசின் பல பகுதிகளைக் கவனித்த கனடா ஃபோர்டின் துணை நிறுவனம். உரிமையாளர் யார் என்ற கேள்வி அன்றும் முக்கியமாக இருந்தது. 1980இல் அந்த ஆலை மூடப்பட்டது. அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கே பெரிய அளவில் கார் உற்பத்தி இல்லை.

2023 நவம்பரில் ஜூரோங்கில் ஹியூண்டாயின் புத்தாக்க நிலையம் திறக்கப்பட்டது. ஏழு மாடிக் கட்டடம். கூரையில் 620 மீட்டர் நீளச் சோதனைப் பாதை. நீண்ட நகரும் பட்டைக்குப் பதிலாகச் சிறு சிறு கூடங்களில் மனிதர்களும் ரோபோக்களும் சேர்ந்து வண்டியைப் பொருத்துகிறார்கள். ஆண்டுக்கு 30,000 கார்கள்வரை செய்யலாம். முதலில் அங்கே தயாரானது ஐயோனிக் 5 என்ற மின்சார வண்டி.

ஐயோனிக் 5க்கு அடியில் இருப்பது இ-ஜிஎம்பி அடித்தளம். ஆசிய நிதி நெருக்கடி நேரத்தில், 1997இல், கொரியாவின் கியா நிறுவனம் கடனில் மூழ்கியது. 1998இல் ஹியூண்டாய் அதன் பெரும்பங்கை வாங்கியது. இன்றும் கியாவின் மிகப்பெரிய பங்குதாரர் ஹியூண்டாய்தான். இந்த உறவால் கியா இவி6, கியா இவி9 ஆகியவையும், ஹியூண்டாய் குழுமத்தின் ஜெனசிஸ் ஜிவி60 வண்டியும் இ-ஜிஎம்பிமீதே நிற்கின்றன. அவற்றின் வீல்பேஸைப் பாருங்கள்: இவி6க்கும் ஜிவி60க்கும் 2,900 மில்லிமீட்டர், ஐயோனிக் 5க்கு 3,000, மூன்று வரிசை இருக்கை கொண்ட இவி9க்கு 3,100. நடுத்தளம் நீள நீள மின்கலத்துக்கும் கால் நீட்டுவதற்கும் இடம் கூடுகிறது.

வண்டியை வடிவமைப்பதில் நாட்டின் சட்டத்துக்கும் பங்கு உண்டு. சிங்கப்பூரில் கார் வாங்க வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது சிஓஇ, வேண்டும். மின்சார வண்டியின் சக்தி 110 கிலோவாட்டைத் தாண்டாவிட்டால் அது 'ஏ' பிரிவில் வரும். தாண்டினால் 'பி' பிரிவு. 150 கிலோவாட் மோட்டாரோடு வந்த பிஒய்டி ஆட்டோ 3 எஸ்யூவி, பிறகு 100 கிலோவாட்டாகக் குறைக்கப்பட்டு 'ஏ' பிரிவிலும் விற்பனையானது. உடலும் அடித்தளமும் அப்படியே இருக்க, சக்தி மட்டும் குறைந்தது.

உயரமான வண்டி ஏன் கவிழாமல் நிற்கிறது?

சாதாரண காரின் அடித்தளத்தில் உயரமான உடலைப் பொருத்தும்போது பொறியாளர்களுக்கு ஒரு கவலை வரும். வண்டியின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொண்டால், அந்தப் புள்ளியே ஈர்ப்பு மையம். அது உயர்ந்தால் வளைவில் வண்டி எளிதில் சாயும். இரண்டு சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம் கூடினால் வண்டி உறுதியாக நிற்கும். அகலத்தைப் பெரும்பாலும் அடித்தளம் தீர்மானிக்கிறது. அதனால் உடலை எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கும் அடித்தளமே எல்லை போடுகிறது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே அளவுள்ள காலிப் பால் பெட்டிகள் இரண்டை எடுங்கள். ஒன்றின் அடியில் பத்து நாணயங்களை ஒட்டுங்கள், மற்றொன்றின் உச்சியில் பத்து. இரண்டையும் ஒரு தட்டில் நிறுத்தி, வழுக்காமல் இருக்கத் தாழும் பக்கத்தில் ஓர் அளவுகோலை ஒட்டிவிடுங்கள். தட்டின் மறுபக்கத்தை மெல்ல உயர்த்துங்கள். உச்சியில் எடை உள்ள பெட்டி முதலில் விழும். நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள மின்கலத்தைத் தளத்துக்குள் படுக்க வைத்திருக்கும் மின்சார எஸ்யூவி, நாணயம் அடியில் உள்ள பெட்டியின் பக்கம் நிற்கிறது.

பகிர்ந்தால் குறையும் பகிரப்படும்

அடித்தளத்தைப் பகிர்வதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒரு பாகத்தில் பிழை இருந்தால், அதைப் பயன்படுத்தும் எல்லா வண்டிகளிலும் அந்தப் பிழை இருக்கும். 2024 மார்ச்சில் ஹியூண்டாயும் கியாவும் தென்கொரியாவில் சுமார் 170,000 மின்சார வண்டிகளைத் திரும்ப அழைத்தன. மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு கருவியில் குறை. ஐயோனிக் 5, இவி6, ஜிவி60 எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆனால் இதில் ஒரு நன்மையும் உண்டு. ஒரு வண்டியில் குறையைக் கண்டுபிடித்தால், வேறு எந்தெந்த வண்டிகளைப் பார்க்க வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும். குறையை மறைக்காமல் சொல்லித் திருத்துவது நல்ல பொறியியலின் கடமை.

படத்தை அளந்து பாருங்கள்

காரின் பக்கவாட்டுப் படம் ஒன்றை எடுத்து, அளவுகோலால் இரண்டு அளவுகளை எடுங்கள்: சக்கர மையங்களுக்கு இடையே உள்ள தூரம், வண்டியின் மொத்த நீளம். முதலாவதை இரண்டாவதால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். ஐயோனிக் 5க்கு 65 விழுக்காடு வரும். டொயோட்டா ஹாரியருக்கு 57 விழுக்காடு. எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் ஹாரியரின் மூக்கில் இடம் வேண்டும். மின்மோட்டார் சிறியது என்பதால் ஐயோனிக்கின் சக்கரங்களை மூலைகளுக்குத் தள்ளிவிட முடிந்தது. இந்த ஒரு கணக்கே, மின்சாரத்துக்கென்று பிறந்த அடித்தளம் எது, எஞ்சினுக்கென்று பிறந்தது எது என்று ஊகிக்க உதவும்.

ஆனால் அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹியூண்டாய் கிரெட்டாவின் வீல்பேஸ் 2,610 மில்லிமீட்டர். இந்தியாவில் விற்ற முதல் தலைமுறை கியா செல்டோஸுக்கும் 2,610. இவை உண்மையான உறவினர்கள். சிங்கப்பூரில் எங்கும் காணும் ஹோண்டா வெசலுக்கும் 2,610தான். ஹோண்டாவுக்கும் ஹியூண்டாய்க்கும் இதில் எந்தத் தொடர்பும் இல்லை, அளவு தற்செயலாக ஒத்துப்போனது. ஒரே எண் வந்தால் அது ஒரு தடயம். தடயம் ஒன்றை மட்டும் வைத்து உறவை உறுதிசெய்ய முடியாது.

அதனால் ஒரு வண்டியை ஆராயும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அளவு எதனுடன் ஒத்துப்போகிறது? அந்த நிறுவனம் யாருடையது? அடித்தளத்தை வரையத் தொடங்கிய ஆண்டில் அது யாருடையதாக இருந்தது? மூன்று விடைகளும் ஒரே திசையைக் காட்டினால் நீங்கள் சரியான பாதையில் போகிறீர்கள். ஒன்று முரண்பட்டாலும் நின்று மறுபடி தேடுங்கள். உங்கள் வீட்டுக் காருக்கோ, கார் இல்லாவிட்டால் கீழே நிற்கும் அண்டைவீட்டுக் காருக்கோ இந்த மூன்று விடைகளையும் கண்டுபிடித்து எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.